‘அது வண்டியே இல்லைங்க!’

எங்கள் அரியலூரிலும் சரி, பக்கத்துப் பெரம்பலூரிலும் சரி, யாரும் கோல்ஃப் விளையாடி நான் பார்த்ததில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட் ஆலை, சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம். கோல்ஃப் என்பது டி.வி.யில் சேனல் மாற்றும்போது இரண்டு விநாடி வந்துபோகிற பச்சைப் புல்வெளி, அவ்வளவுதான்.

ஆனால், ஒரு கோல்ஃப் வண்டியால் வாழ்க்கை திசை மாறிப்போன குடும்பம் எங்கள் எதிர்வீட்டில் இருக்கிறது.

கோல்ஃப் வண்டி என்றால் ஏதோ பெரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். நாம் ‘பேட்டரி கார்’ என்கிறோமே, அதேதான். மேலே கூரை, பக்கத்தில் கதவு கிடையாது, சத்தம் கிடையாது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் குழந்தைகளோடு ஏறியிருப்பீர்கள். ஸ்ரீரங்கம் கோயிலில் வயதானவர்களை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய ஆஸ்பத்திரி, கல்லூரி, மலை விடுதி, நீர் விளையாட்டுப் பூங்கா என்று எல்லா இடத்திலும் வந்துவிட்டது. நாம் அதில் ஏறும்போது நம் கண்ணில் படாத ஒருவர் உண்டு. ஸ்டீயரிங் பிடித்திருப்பவர்! இந்த வாரம் அவரைப் பற்றித்தான்.

‘பைக் ஓட்டுவியா? அப்ப இதையும் ஓட்டு’

எதிர்வீட்டு அக்காவுக்குச் சொந்த ஊர் செந்துறைப் பக்கம். ஒரே மகன். ஐ.டி.ஐ முடித்துவிட்டு இரண்டு வருஷம் உள்ளூரில் அங்கே இங்கே வேலை பார்த்தான். சில வருஷங்களுக்கு முன்பு, தெரிந்தவர் ஒருவர் மூலம் மலை மேல் உள்ள ஒரு சின்ன விடுதியில் வேலை கிடைத்தது. மொத்தமே எட்டுப் பேர் வேலை பார்க்கிற இடம். சாப்பாடு, தங்குமிடம் போக மாதம் 12,000 ரூபாய் சம்பளம். தோட்ட வேலை என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

போன பத்தாவது நாள், வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பையன் வேலையை விட்டு நின்றுவிட்டான். முதலாளி இவனைக் கூப்பிட்டு, “பைக் ஓட்டுவியா தம்பி? அப்ப இதையும் ஓட்டு. ஒண்ணுமில்ல, ஒரு மிதி போறதுக்கு, ஒரு மிதி நிக்கிறதுக்கு” என்று சொல்லியிருக்கிறார். பயிற்சி அவ்வளவுதான்.

அதன்பிறகு தினமும் அதுதான் வேலை. வாசலில் வந்து இறங்குகிற விருந்தினர்களையும் அவர்களின் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு மேட்டில் இருக்கிற அறைகளுக்குப் போக வேண்டும். திரும்பி வரும்போது அழுக்குத் துணி மூட்டைகள், காலி தண்ணீர் கேன்கள். ராத்திரி சார்ஜ் போட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை பேட்டரிக்குத் தண்ணீர் பார்க்க வேண்டும்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், சரிவில் வண்டியை நிறுத்தி, நிறுத்த பிரேக்கை அழுத்திவிட்டுப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். சாவி வண்டியிலேயே இருந்தது. வந்திருந்த குடும்பத்தின் நாலு வயதுக் குழந்தை ஆசையாக ஓட்டுநர் இருக்கையில் ஏறி நின்றது. கால் மிதியில் பட்டது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வண்டிகளில் பல மாடல்களில் நிறுத்த பிரேக்கை விடுவிக்கத் தனியாக நெம்புகோல் எதுவும் கிடையாது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலே பிரேக் விடுபட்டு வண்டி கிளம்பிவிடும். ஓட்டுபவரின் வசதிக்காகச் செய்த ஏற்பாடு. சாவி போட்டிருந்தால் குழந்தையின் காலுக்கும் ஓட்டுநரின் காலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

வண்டி நகர்ந்தது. இவன் ஓடிப்போய் முன்னால் நின்று இரண்டு கையாலும் தடுத்தான். இரண்டு பேர் உட்காரும் சாதாரண பேட்டரி காரே 400, 500 கிலோ எடை இருக்கும். கையால் தடுத்து நிறுத்துகிற எடையா அது? பின்னால் இருந்த கல் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் அவன் வலது கால் மாட்டிக்கொண்டது. குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. இவனுக்குத் தொடை எலும்பும் முழங்காலும் நொறுங்கிவிட்டன.

“அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகலைல்ல சித்தி?” என்றுதான் என்னிடம் முதலில் கேட்டான், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி.

முத்திரைத்தாள் வந்த நாள்

அந்த முதலாளியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். உடனே காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்தான். முதல் நாள் செலவையும் அவரே கட்டினார். ஆனால், ஆபரேஷன், பிளேட், ஆறு மாதப் படுக்கை என்று டாக்டர்கள் சொன்னதும் அவர் வருவது குறைந்தது. மூன்றாவது வாரம் அவருடைய மேனேஜர் மட்டும் அரியலூருக்கு வந்தார். கையில் 20,000 ரூபாய். கூடவே ஒரு முத்திரைத்தாள்.

அக்கா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். “நீ பத்திரிகையில எழுதுறவதானே தங்கச்சி... இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு. கையெழுத்துப் போட்டா பணம் தர்றாங்களாம்.”

படித்தேன். ‘என்னுடைய சொந்தக் கவனக்குறைவால் ஏற்பட்ட விபத்து இது. கருணை அடிப்படையில் 20,000 ரூபாய் பெற்றுக்கொண்டேன். இனி எந்தக் காலத்திலும் எந்த உரிமையும் கோர மாட்டேன்’ என்பது சாரம்.

“போடாதீங்கக்கா” என்றேன்.

அக்காவின் முகம் மாறிவிட்டது. “அவங்க உப்பைத் தின்னிருக்கான். நாளைக்குக் கேஸு கோர்ட்டுன்னு போனா, வேற எங்கயும் இவனை வேலைக்குச் சேப்பாங்களா? 20,000-மும் இல்லாமப் போயிடுமே...” அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அன்றைக்கு அந்த வீட்டில் மாத்திரை வாங்கக்கூடப் பணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ‘போடாதீர்கள்’ என்று சொல்வது எனக்குச் சுலபம். போடாமல் இருப்பது அவருக்குத்தானே கஷ்டம்!

மேனேஜரிடம் நானே பேசினேன். “சாலையில இப்படி நடந்திருந்தா இன்ஷூரன்ஸ்ல இருந்து பணம் வந்திருக்குமே?” என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “மேடம், அது வண்டியே இல்லைங்க. கோல்ஃப் கார்ட். நம்பர் கிடையாது, ஆர்.சி. கிடையாது, இன்ஷூரன்ஸ் கிடையாது. பொம்மை மாதிரி.”

அந்த ஒரு வாக்கியம்தான் என்னைத் தூங்க விடவில்லை.

ஒரு சட்டத்தில் வண்டி இல்லை, இன்னொன்றில் வண்டி!

அரியலூர்க்காரர்களுக்கு விபத்து வழக்கு புதிதல்ல. ராத்திரி பகலாகச் சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும் ஓடுகிற ஊர். லாரி இடித்துவிட்டது என்றால் என்ன செய்ய வேண்டும், எஃப்.ஐ.ஆர் எங்கே வாங்க வேண்டும், இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு எப்படிப் போக வேண்டும் என்பதை டீக்கடையில் உட்கார்ந்திருப்பவரே சொல்லிவிடுவார். ஆனால், பேட்டரி கார் என்றதும் எல்லோரும் கையை விரித்தார்கள்.

மேனேஜர் சொன்னதில் பாதி உண்மை. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், ‘மோட்டார் வாகனம்’ எது என்று சொல்லும்போதே, தொழிற்சாலைக்குள்ளோ சுற்றி அடைத்த வளாகத்துக்குள்ளோ மட்டும் பயன்படுத்துவதற்கென்று செய்யப்பட்ட தனி வகை வண்டிகளை ஒதுக்கிவிடுகிறது. அதனால்தான் இந்த வண்டிகள் நம்பர் பிளேட் இல்லாமல் வளாகத்துக்குள் சுற்றுகின்றன. இதையே பொதுச் சாலைக்குக் கொண்டுவந்து ஓட்டினால் கதை வேறு.

மீதிப் பாதியைப் பெரம்பலூரில் ஒரு வழக்கறிஞர் சொன்னார். “சாலைச் சட்டத்தை விடுங்கம்மா. பையன் அங்க என்ன சுற்றுலாவா போனான்? வேலைக்குப் போனான். வேலைச் சட்டத்தைப் பாருங்க” என்று சொல்லிவிட்டு ஒரு பழைய புத்தகத்தை எடுத்தார்.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். யார் யாரெல்லாம் இதன்கீழ் வருவார்கள் என்று அதன் பின்னிணைப்பில் ஒரு நீளமான பட்டியல் இருக்கிறது. அதன் முதல் வரிசையிலேயே நீராவியாலோ, வேறு இயந்திர சக்தியாலோ, மின்சாரத்தாலோ ஓடும் வண்டியை இயக்குகிறவர்கள் வருகிறார்கள். அப்படிப்பட்ட வண்டியில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்களும் வருகிறார்கள்.

மின்சாரத்தால் ஓடும் வண்டி! ஏற்றி இறக்குகிறவர்! நூறு வருஷத்துக்கு முந்தைய சட்டம் எங்கள் எதிர்வீட்டுப் பையனை நேரில் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. சாலைச் சட்டத்துக்கு அது வண்டி இல்லை. வேலைச் சட்டத்துக்கு அது வண்டிதான்.

அந்த வழக்கறிஞர் அன்று சொன்ன மற்ற விஷயங்களையும் எழுதுகிறேன். உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கோ உதவும்.

வேலை நேரத்தில், வேலையின் காரணமாக அடிபட்டால் இழப்பீடு தர வேண்டியது முதலாளியின் பொறுப்பு. ‘கவனக்குறைவு’ என்று எழுதி வாங்கிவிட்டால் அந்தப் பொறுப்பு போய்விடாது. குடித்திருந்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றியது ஆகிய காரணங்களைக் காட்டித்தான் முதலாளி மறுக்க முடியும். மரணம் என்றாலோ, நிரந்தரமாக முழுவதும் முடங்கிப்போனாலோ, அந்தக் காரணங்களும் செல்லாது.

உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தத்துக்குச் சட்டத்தின் முன் மதிப்பு இல்லை. இருந்தாலும் போடாமல் இருப்பதே நல்லது. போட்டுவிட்டால், அதை உடைப்பதற்கே பாதி நாள் போய்விடும். தெரியாமல் ஏற்கெனவே போட்டுவிட்டவர்களும் மனம் தளர வேண்டியதில்லை, கேட்கலாம்.

கான்ட்ராக்டர் மூலம் சேர்ந்தவர் என்றால், ‘எனக்குத் தெரியாது, கான்ட்ராக்டரைக் கேள்’ என்று இடத்தின் உரிமையாளர் ஒதுங்க முடியாது. அவரிடமே கேட்கலாம். அவர் கொடுத்துவிட்டுப் பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.

வெளியூரில் அடிபட்டால் அந்த ஊருக்குத்தான் அலைய வேண்டும் என்பதில்லை. நாம் வசிக்கும் பகுதிக்கான ஆணையரிடமே மனு கொடுக்கலாம். மனு கொடுக்க இரண்டு வருஷம் அவகாசம் உண்டு.

20,000 எங்கே, 3,12,350 எங்கே?

கணக்கைச் சொன்னால்தான் வித்தியாசம் புரியும். இழப்பீட்டுக்குச் சட்டத்திலேயே சூத்திரம் இருக்கிறது. மாதச் சம்பளத்தில் 60 சதவிகிதத்தை எடுத்து, வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். பையனுக்கு அப்போது வயது 25. அந்த வயதுக்கான எண் 216.91.

சம்பளம் 12,000. அதில் 60 சதவிகிதம் 7,200. இதை 216.91-ஆல் பெருக்கினால் 15,61,752 ரூபாய். நிரந்தரமாக எந்த வேலையுமே செய்ய முடியாத நிலை என்றால் இந்தத் தொகை முழுவதும் வரும். பையனுக்குச் சம்பாதிக்கும் திறனில் 20 சதவிகிதம் இழப்பு என்று டாக்டர் சான்றிதழ் கொடுத்தார். 15,61,752-ல் 20 சதவிகிதம் 3,12,350 ரூபாய்.

இது போக, சிகிச்சைக்கு ஆன உண்மையான செலவையும் முதலாளி தர வேண்டும். வேலைக்குப் போக முடியாமல் படுத்திருக்கும் காலத்துக்கு, 15 நாளுக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் 25 சதவிகிதம் தர வேண்டும். உயிரிழப்பு என்றால் 60 சதவிகிதத்துக்குப் பதில் 50 சதவிகிதம் என்று கணக்கு. சம்பளம் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு 2020 ஜனவரியிலிருந்து 15,000 ரூபாய். இந்த உரிமைகளின் அடிப்படையை, 2020-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 1923-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடம், மாதச் சம்பளம் 21,000 வரை என்றால் வழி வேறு. அங்கே இ.எஸ்.ஐ. வந்துவிடும். தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவிகிதம், முதலாளியின் பங்கு 3.25 சதவிகிதம். வேலையில் அடிபட்டுப் படுத்திருக்கும் நாட்களுக்குச் சராசரி தினச் சம்பளத்தில் 90 சதவிகிதம் கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. ‘இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்களா, நம்பர் கொடுத்திருக்காங்களா?’ என்று வேலைக்குச் சேரும் அன்றே கேட்டுவிடுங்கள்.

அக்கா அந்தக் கணக்கை நான் எழுதிக் கொடுத்த துண்டுத் தாளில் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இது தப்பில்லையே தங்கச்சி? யாரையும் ஏமாத்தி வாங்குறது இல்லையே?” என்று கேட்டார். “இல்லக்கா. இது கருணை இல்ல, கூலி மாதிரி. அவன் சம்பாதிச்சது” என்றேன். மறுநாள் முத்திரைத்தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பினார். அதற்கப்புறம் மூன்று மாதம் வீட்டுச் செலவுக்குத் தன் கம்மலை அடகு வைத்தார். அந்தக் கம்மலைப் பற்றி அவர் இதுவரை மகனிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவனுக்குத் தெரியப்போகிறது.

பொம்மை இல்லை அது

இப்படி அடிபடுவது நம் ஊரில் மட்டுமா என்று தேடிப் பார்த்தேன். கோல்ஃப் வண்டி 1950-களில் பரவிய நாடு அமெரிக்கா. அங்கே 1990 முதல் 2006 வரை 17 வருஷங்களில், கோல்ஃப் வண்டியால் அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் சுமார் 1,48,000 பேர் என்று ஓஹியோ மாநிலத்தின் குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அந்த 17 வருஷத்தில் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. அடிபட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். அடிபட்ட விதத்தில் முதலிடம் எதற்குத் தெரியுமா? மோதியதற்கு இல்லை. வண்டியிலிருந்து விழுந்ததற்கு!

காரணம் எளிது. கதவு இல்லை. பலவற்றில் சீட் பெல்ட் இல்லை. திருப்பத்தில் சட்டென்று ஒடித்தால் ஓரத்தில் இருப்பவர் வெளியே போய் விழுகிறார். பல மாடல்களில் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான் பிரேக். சமதளப் புல்வெளியில் மெதுவாகப் போக அது போதும். அதே வண்டியில் நம் ஆட்கள் ஆறு பேர், எட்டுப் பெட்டி, நாலு தண்ணீர் கேன் என்று ஏற்றிக்கொண்டு மழையில் மலைச்சரிவில் இறங்கும்போது பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறது. சத்தம் இல்லாததால் முன்னால் குனிந்து புல் வெட்டிக்கொண்டிருப்பவருக்கு வண்டி வருவதே தெரியாது.

ஓடாமல் நிற்கும்போதும் ஆபத்து உண்டு. ஈய பேட்டரி வண்டி என்றால் இருக்கைக்கு அடியில் பெரும்பாலும் ஆறு பேட்டரி இருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 கிலோ. ஒற்றை ஆளாகத் தூக்கி மாற்றினால் இடுப்பு போய்விடும். உள்ளே கந்தக அமிலம். தண்ணீர் ஊற்றும்போது கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியாகும். அடைத்த அறையில் சார்ஜ் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே பீடி பற்றவைப்பவர்களை என்ன சொல்வது?

இதெல்லாம் எங்களுக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருஷா வருஷம் கூட்டம் கூடுகிறது. 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோயில் அது. கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்துவிட்டது. சாத்தனூரில் கல்லாகிப்போன மரத்தைப் பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தபடி இருக்கிறார்கள். இங்கெல்லாம் சுற்றுலா வளர வளர, பேட்டரி கார் வேலையும் வளரும். ஓட்டப்போவது நம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

கடல் தாண்டிப் போனவர்களுக்கு

லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கமிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் ஏராளம். சிங்கப்பூர், மலேசியா போனவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். விடுதி, பூங்கா, கோல்ஃப் மைதானப் பராமரிப்பு என்று இந்த வண்டிகளோடு வேலை செய்பவர்கள் அங்கே இன்னும் அதிகம்.

குடியேற்ற அனுமதி முத்திரை தேவைப்படுகிற பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ காப்பீடு கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய். விபத்தில் உயிரிழப்போ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் 10 லட்சம் ரூபாய். ஏஜென்ட் கட்டியிருப்பார், வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பாலிசித் தாளின் ஒரு நகலை வீட்டில் வைத்திருங்கள். சிங்கப்பூரில் இருப்பவர்கள் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் விபத்து நடந்த ஒரு வருஷத்துக்குள் கேட்க வேண்டும். ‘ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்’ என்று விமானம் ஏறிவிடாதீர்கள்.

செல்போனில் சேமித்து வையுங்கள்

ஓட்டுகிற பிள்ளைகளுக்கு: இறங்கினால் சாவி கையில் இருக்க வேண்டும், அரை நிமிட வேலையாக இருந்தாலும். சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்கு ஒரு கல்லோ கட்டையோ கொடுங்கள். நகரும் வண்டியை ஒருபோதும் உடம்பால் தடுக்காதீர்கள். முடிந்தால் ஏறி பிரேக்கை மிதியுங்கள், முடியாவிட்டால் கத்தி ஆட்களை விலகச் சொல்லுங்கள்.

வேலை கொடுப்பவர்களுக்கு: ஓட்டத் தெரிந்தவரிடம் இரண்டு நாளாவது பழக விடுங்கள். எத்தனை பேர், எவ்வளவு எடை என்று வண்டியிலேயே எழுதி ஒட்டுங்கள். பேட்டரி வேலைக்குக் கண்ணாடியும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். ஊழியர்களுக்கு இழப்பீட்டுக் காப்பீடு எடுத்துவிட்டால், நாளைக்கு உங்கள் தலையிலும் மொத்தச் சுமை விழாது.

ஏறிப்போகும் நமக்கு: குழந்தையை ஓரத்தில் உட்கார வைக்காதீர்கள். வண்டி நிற்கும்போது ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து போட்டோ எடுக்காதீர்கள். ‘கொஞ்சம் வேகமாப் போங்க தம்பி’ என்று சொல்லாதீர்கள்.

அடிபட்டவர் குடும்பத்துக்கு: ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே ‘வேலை செய்யும் இடத்தில் அடிபட்டது’ என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். ‘வழுக்கி விழுந்தார்’ என்று எழுதிவிட்டால் பின்னால் சிக்கல். இடத்தையும் வண்டியையும் போட்டோ எடுங்கள். சம்பளம் வந்த பேங்க் குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தொழிலாளர்களுக்கு வழக்கறிஞரை இலவசமாகவே ஏற்பாடு செய்வார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு கேள்வி

எதிர்வீட்டுப் பையனின் மனு முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. திருச்சிக்கு ஏழெட்டு முறை பஸ் ஏறினோம். கடைசியில் தொகை வந்தது. அந்த முதலாளி கடைசி நாள் வந்திருந்தார். வெளியே வரும்போது அவனிடம், “இப்ப எல்லா வண்டியிலயும் சாவியை எடுக்காம இறங்கக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கேன் தம்பி” என்றார். அதற்கு முன் ஒரு வண்டியிலும் அந்த போர்டு இல்லை. ஒரு கால் நொறுங்க வேண்டியிருந்தது.

அவனால் இன்னமும் சம்மணம் போட்டு உட்கார முடியாது. படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வான். வந்த பணத்தில் செந்துறையில் ஒரு செல்போன் ரிப்பேர் கடை போட்டிருக்கிறான். நன்றாகவே ஓடுகிறது. உட்கார்ந்து செய்கிற வேலை. “நின்னு செய்யுற வேலைதான் சித்தி எனக்குப் பிடிக்கும்” என்று எப்போதாவது சொல்வான். எந்தச் சூத்திரத்திலும் அதற்குக் கணக்கு இல்லை.

போன மாதம் நானும் அக்காவும் ஸ்ரீரங்கம் போயிருந்தோம். முழங்கால் வலி என்று அக்கா பேட்டரி காரில் ஏறினார். ஓட்டி வந்த தம்பிக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். வண்டி நின்றது. எல்லோரும் இறங்கிக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அக்கா மட்டும் அவன் பக்கம் திரும்பி, வண்டியில் தொங்கிய சாவியைக் காட்டி, “அதை எடுத்துக் கையில வெச்சுக்க சாமி” என்றார். அவன் சிரித்துக்கொண்டே எடுத்தான்.

இறங்கிய பிறகும் அக்கா நகரவில்லை.

“உனக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்களாப்பா?”

உங்கள் வீட்டுப் பிள்ளை எங்கேயாவது இப்படி ஒரு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால், இன்று ராத்திரி போன் பேசும்போது, “சாப்பிட்டியா?” என்று கேட்ட கையோடு இதையும் கேட்டுவிடுங்கள்.

அடுத்த வாரம் பேசுவோம்.